பேன் பார்க்கும் படம்

ஓவிய சார் எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோது நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. அதுவரைக்கும் எங்களுக்கு ஓவியம் என்றால் ஒரு குடம், ஒரு மாம்பழம், இரண்டு மலைக்கு நடுவே உதிக்கிற சூரியன். சூரியனுக்குக் கீழே ஒரு ஆறு வளைந்து ஓடும். எங்கள் ஊரில் ஆறு இல்லை. பாப்பாரப்பட்டியிலிருந்து பென்னாகரம் போகிற வழியில், தார்ச்சாலையை விட்டு உள்ளே தள்ளிக் கிடந்த மேட்டு நிலம் அது. கேழ்வரகும் சாமையும் கடலைக்காயும் விளையும். ஆறு பார்க்க வேண்டுமானால் பஸ் பிடித்து ஒகேனக்கல் போக வேண்டும். அதனாலோ என்னவோ, வகுப்பில் எல்லோருமே ஆற்றுக்கு நீலத்தை அழுத்தி அழுத்திப் பூசுவோம்.

சார் கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தவர். அவரிடம் ஒரு பழைய கணக்குப் பேரேடு இருந்தது. எந்த மண்டிக்காரரிடமிருந்து வாங்கினாரோ, சிவப்புத் துணி அட்டையும் கோடு போட்ட பக்கங்களுமாய் முழங்கை நீளம் இருக்கும். பத்திரிகைகளில் வந்த ஓவியங்களை வெட்டி அதில் ஒட்டி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையில் அதைக் கொண்டுவருவார். ஒரு பக்கத்தைத் திறந்து மேசை மேல் சாய்த்து வைப்பார். யார் வரைந்தது, என்ன படம், எதுவும் சொல்ல மாட்டார். “என்ன தெரியுது?” என்று மட்டும் கேட்பார். நாங்கள் வரிசையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, தோன்றியதைச் சொல்ல வேண்டும். தப்பு, சரி என்று அவர் வாயிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை திறந்த பக்கத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். வெள்ளைக்காரச் சாயல். ஒருத்தி நல்ல கவுன் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, வெளியே கிளம்பத் தயாரானவள் மாதிரி இருந்தாள். எதிரே இன்னொருத்தி பாதி உடையில், தலைமுடியை அவிழ்த்து விட்டு. முடி நீளமாக முன்னால் விழுந்து முகத்தை மறைத்தது. ஒரு தட்டில் சிவப்புச் சிவப்பாகப் பழங்கள். வேறொன்றும் நடக்கவில்லை அந்தப் படத்தில். சண்டை இல்லை, சாமி இல்லை, யாரும் அழவில்லை, யாரும் எங்கேயும் போகவில்லை.

பையன்கள் பக்கத்திலிருந்து முதலில் கொஞ்சம் கிசுகிசுப்பு எழுந்தது. பாதி உடை என்பதால். சார் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். அது தானாக அடங்கியது. பிறகு எங்கள் பக்கத்துக் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

“பேனு பாக்கறாங்க சார்.”

வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. படத்தை எடுத்துக் கொஞ்ச நேரம் தானே பார்த்தார். அதுவரை பார்க்காத படம் போல.

“யாரு யாருக்குப் பாக்கறாங்க?”

“முடி அவுத்து விட்டிருக்கறவங்களுக்கு, எதுத்தாப்புல இருக்கறவங்க.”

“அவ கை இவ தலையில இல்லியே?”

“இன்னும் ஆரம்பிக்கல சார். இப்பத்தான் அவுத்து விட்டிருக்காங்க. இனிமேத்தான்.”

அதற்குப் பிறகு வகுப்பு முழுக்க அந்தப் படத்துக்குள் போய்விட்டது. தட்டில் இருப்பது இலந்தைப்பழம் என்றான் ஒருவன். களாப்பழம் என்றாள் ஒருத்தி. களா பழுத்தால் கறுத்துவிடும், இது சிவப்பு, காரைப்பழமாய் இருக்கும் என்று இன்னொருத்தி. சார் செர்ரி என்று சொன்னபோது எங்களுக்கு அது பேக்கரியில் பன்னுக்கு மேலே ஒட்டியிருக்கும் சர்க்கரைத் துண்டு என்றுதான் தெரியும்; அது ஒரு மரத்தில் காய்க்கிறது என்பதை நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது. அவர்கள் இரண்டு பேரும் அக்கா தங்கையா, சிநேகிதிகளா, நாத்தனாரா என்று ஒரு பட்டிமன்றமே நடந்தது. நாத்தனார் முன்னால் இப்படி முடியை அவிழ்த்துப் போட்டு உட்கார முடியாது, ஆகவே சிநேகிதிகள் என்று தீர்ப்பானது.

மணி அடிக்க இன்னும் சற்று நேரம் இருந்தபோது சார் சொன்னார்: இதை வரைந்தவள் ஒரு பெண், பெயர் அம்ரிதா ஷேர்கில். 1913ல் ஹங்கேரியில் புடாபெஸ்ட் நகரத்தில் பிறந்தவள். அப்பா உம்ராவ் சிங், பஞ்சாபி சீக்கியர், சமஸ்கிருதமும் பாரசீகமும் படித்தவர், நிழற்படக் கலையில் பித்து. அம்மா மரி அந்துவானெத், ஹங்கேரிக்காரி, இசைப் பாடகி. சிம்லாவில் வளர்ந்து, பதினாறு வயதில் பாரிசுக்குப் போய் ஓவியம் படித்தாள். இந்தப் படத்தை 1932ல் வரைந்தாள். கவுன் போட்டு உட்கார்ந்திருப்பது அவளுடைய கூடப்பிறந்த தங்கை இந்திரா. முடியை அவிழ்த்து விட்டிருப்பது தோழி, டெனிஸ் ப்ரூத்தோ. அடுத்த வருஷம் பாரிசின் பெரிய ஓவியக் காட்சியில் இதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

“வரையும்போது அவளுக்குப் பத்தொம்பது வயசு. உங்களவிட ஏழு வயசு பெரியவ, அவ்ளோதான்.”

எங்கள் ஊரில் பத்தொன்பது வயதுப் பெண்கள் இடுப்பில் ஒரு பிள்ளையோடு இருந்தார்கள்.

பேரேட்டின் அதே பக்கத்து மூலையில் ஒரு தபால்தலையும் ஒட்டியிருந்தது. அதே அம்ரிதாவின் மலைநாட்டுப் பெண்கள் ஓவியம். 1978ல் தபால்துறை இரண்டு ரூபாய்க்கு வெளியிட்டது. கறுத்து, ஒடுங்கி, போர்வை போர்த்திய பெண்கள். அவர்களை எங்களுக்குச் சட்டென்று அடையாளம் தெரிந்தது. சித்தேரி மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் போல இருந்தார்கள். ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது அந்தச் செர்ரிப்பழக்காரிகளைத்தான்.

காரணம் எங்கள் வீட்டுப் பின்வாசலில் இருந்தது.

எங்கள் வீடு நாட்டு ஓடு வேய்ந்தது. முன்னால் திண்ணை உண்டு, ஆனால் அது ஆம்பளைகளுக்கு. தாத்தாவும் அவரைப் பார்க்க வருகிறவர்களும் வெற்றிலைப் பெட்டியும் அங்கே இருப்பார்கள். பெண்களுக்குப் பின்வாசல். ஒரு வேப்பமரம், ஆட்டுக்கல், துவைக்கிற கல், சாணி மெழுகின ஒரு மேடை. பகல் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, ஆடுகளுக்குத் தழை போட்ட பிறகு, வெயில் இறங்குவதற்கு முன் ஒரு பொழுது இருக்கும். அந்தப் பொழுதில் வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு அவ்வா வரும்.

அவ்வா வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்கள் மாவட்டத்தில் இது அதிசயமில்லை. ஒரு தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும். அவ்வா எங்கள் ஆயாவைவிட வயதில் மூத்தது. ஆயா அதை அக்கா என்று கூப்பிடும். அவ்வா ஆயாவை ‘ஏ புள்ள’ என்றுதான் கூப்பிடும். பேரன் பேத்தி எடுத்த ஆயாவை ‘புள்ள’ என்று கூப்பிட அந்த ஊரிலேயே அவ்வா ஒன்றுதான் மிச்சம். அந்த ஒரு கூப்பிடலுக்காகவே ஆயா முகம் மாறும்.

மேடையில் ஆயா காலை நீட்டி உட்காரும். அவ்வா ஒரு படி கீழே, ஆயாவுக்கு முதுகு காட்டி. கொண்டை அவிழும். பேன் சீப்பும் ஈருவலியும் ஒரு கொட்டாங்கச்சியில் விளக்கெண்ணெயும் பக்கத்தில் இருக்கும். ஆயா முடியை வகிர்ந்து வகிர்ந்து பார்க்கும். அகப்பட்டதை இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே வைத்து நசுக்கும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்கும், கூடவே நாக்கில் ஒரு ‘ஸ்ஸ்’. பிறகு இடம் மாறும். அவ்வா மேலே, ஆயா கீழே. உண்மையைச் சொன்னால் அந்த வயதில் இருவர் தலையிலும் பெரிதாகப் பேன் ஒன்றும் இருந்திருக்காது. முடியே பாதி கொட்டிவிட்டது. ஆனாலும் தலையை ஒருத்தி கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடுவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

நாவல் பழுக்கிற ஆடி மாதத்தில் மடியில் ஒரு முறம் நாவப்பழம் இருக்கும். மற்ற நாட்களில் வேக வைத்த கடலைக்காய், வறுத்த புளியங்கொட்டை, சில நாள் ஒன்றுமே இருக்காது. வாய் மட்டும் ஓயாது.

மாசி, பங்குனியில் அந்தப் பொழுதும் சுருங்கிவிடும். அது புளிக் காலம். தருமபுரிப் புளிக்கு வெளியூரெல்லாம் பேர். மரத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் உலுக்கி, மூட்டை மூட்டையாய் வீடுகளில் இறக்கிவிட்டுப் போவார்கள். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, சின்னச் சுத்தியலால் தட்டிக் கொட்டையை எடுத்துக் கொடுக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. தெருவில் எந்த வாசலில் பார்த்தாலும் டக் டக் என்று தட்டுகிற சத்தம். எல்லாம் பெண்கள், பள்ளி விட்டு வந்த எங்களைப் போன்ற பிள்ளைகள். புளி விரலைத் தின்னும். நகக்கண்ணெல்லாம் வெடித்து, சோற்றில் கை வைத்தால் எரியும். அந்தக் காலத்தில்கூட ஆயாவும் அவ்வாவும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, ஒருவர் தலையை ஒருவர் பார்க்கிற அந்தப் பொழுதை முழுதாக விட்டுக்கொடுத்ததில்லை.

கால் நீட்டி உட்காருவது என்று சொன்னேன். அது சொகுசுக்கு இல்லை. ஆயாவால் மடக்க முடியாது. எங்கள் பக்கத்துக் கிணறுகளிலும் போர்க் குழாய்களிலும் வருகிற தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் உடம்புக்கு ஆகாது என்பார்கள். எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களில் அதைத் தாண்டித்தான் இருந்தது. எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்குப் பல்லில் பழுப்புக் கோடு. அதைக் கறை என்றே நாங்கள் நினைத்ததில்லை, பல் என்றால் அப்படித்தான் இருக்கும். பல வருஷம் குடித்தவர்களுக்கு எலும்பில் ஏறிவிடும். முட்டி இறுகும், முதுகு வளையாது. அதே தண்ணீரைத்தான் ஆயாவும் அவ்வாவும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இடுப்பிலும் தலையிலுமாகச் சுமந்து கொண்டுவந்து வீட்டுக்கு ஊற்றினார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் வந்தது. அதற்குள் அவர்கள் இருவரும் போய்விட்டார்கள்.

அந்த இருவரும் பேசியதை நான் முழுக்கக் கேட்டதில்லை. சில பேச்சு வரும்போது ஆயா என்னைப் பார்த்து, “போயி ஆடு எங்க மேயுதுன்னு பாத்துட்டு வா கண்ணு” என்று சொல்லும். ஆடு கண்ணெதிரில் கட்டித்தான் இருக்கும். அவ்வா ஊரில் பிரசவம் பார்க்கிற கை. எந்த வீட்டில் என்ன பிறந்தது, பிறந்தது பெண் என்றால் அந்த வீடு எப்படி இருந்தது, மூன்றாம் நாள் அங்கே என்ன நடந்தது, எல்லாம் அவ்வாவுக்குத் தெரியும். அதை முன்திண்ணையில் சொல்ல முடியாது, கிணற்றடியில் சொல்ல முடியாது. ஆயாவின் விரல் தலைக்குள் இருக்கும்போது மட்டும் சொல்லும். நான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறேன். ஒரு நாள் அவ்வா அழுதது. ஆயா ஒன்றும் பேசாமல் சீப்பை எடுத்து வாரிக்கொண்டே இருந்தது. பிறகு, 1992ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கி, 2001ல் அது எங்கள் மாவட்டத்துக்கும் வந்தபோது, செய்தியைப் படித்த எனக்கு அந்தப் பின்வாசல்தான் ஞாபகம் வந்தது. அரசாங்கக் காகிதத்தில் ஏறுவதற்கு வெகு காலம் முன்பே அந்தச் சேதி அங்கே, இரண்டு கிழவிகளுக்கு நடுவில், சொல்லப்பட்டுவிட்டது.

இப்படி உட்கார்ந்திருப்பதைச் சும்மா இருப்பது என்று வீட்டு ஆண்கள் சொல்வார்கள். சும்மா உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள் என்று. எனக்கு அந்தச் சொல்மேல் கோபம் இன்னும் தீரவில்லை.

சாரிடம் கேட்டு அந்தப் பேரேட்டை ஒரு சனி ஞாயிறுக்கு வீட்டுக்கு வாங்கி வந்தேன். பையில் போட்டால் மடங்கும் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். பின்வாசல் மேடையில் பிரித்துக் காட்டினேன். எங்கள் வீட்டுச் சுவரில் படம் இல்லாமல் இல்லை. கூடத்தில் லட்சுமியும் சரஸ்வதியும் முருகனும் இருந்தார்கள். ரவிவர்மா 1894ல் மும்பையில் அச்சகம் வைத்துச் சாமிப் படங்களை வீடு வீடாகக் கொண்டுசேர்த்த வழியில், பின்னால் சிவகாசிக் காலண்டர்கள் வந்து எங்கள் ஆணிகளில் தொங்கின. அந்தப் படங்களில் இருக்கிற பெண்கள் எல்லோரும் நம்மைப் பார்ப்பார்கள். நகை சரியாக இருக்கும், புடவை மடிப்புக் கலையாது, தாமரை வாடாது. பார்க்கிறவர் வந்து கும்பிட வேண்டும் என்று அவர்கள் தயாராக இருப்பார்கள்.

இந்தப் படத்தை ஆயா தூரத்தில் பிடித்துப் பார்த்தது, பிறகு கிட்டே.

“இவளுக்கு எவ்ளோ முடி பாரு அக்கா. எண்ணெயே காட்டாத செம்பட்ட முடி.”

அவ்வா பார்த்தது. “இன்னொருத்தி ஏன் இப்பிடி விறைப்பா குந்தினு இருக்கா? எங்கியோ கெளம்பிட்டா போல. இவ, நான் வரல நீ போன்னு முடிய அவுத்து விட்டுட்டா.”

நான் வகுப்பில் கேட்ட அத்தனை விளக்கத்திலும் இது இல்லை. ஒருத்தி கிளம்பிவிட்டாள், ஒருத்தி கிளம்பவில்லை. அந்த இரண்டு நாற்காலிக்கும் நடுவில் இருப்பது அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். படித்தவர்கள் பிற்காலத்தில் இந்தப் படத்தில் அம்ரிதாவின் இரண்டு பாதியைப் பார்த்தார்கள்: ஐரோப்பா ஒரு பக்கம், இந்தியா ஒரு பக்கம் என்று. இருக்கலாம். எங்கள் அவ்வா பார்த்தது இரண்டு சிநேகிதிகளின் பிணக்கை.

பாதி உடை பற்றி ஆயா ஒன்றும் சொல்லுமோ என்று எனக்குப் பயம். ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருந்தது? ஆயாவும் அவ்வாவும் கடைசி வரை வீட்டில் ரவிக்கை போட்டதில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்வார்கள். வேலைக்கு நடுவே அது நழுவும், சரியும், திரும்ப ஏறும். வெயில் காலத்தில் பின்வாசலில் அது எங்கே இருக்கிறது என்று அவர்கள் கவனிப்பதே இல்லை. எங்கள் அம்மா தலைமுறையில்தான் ரவிக்கையும், கூடவே வெட்கமும் வீட்டுக்குள் வந்தன. பள்ளிக்கூடத்துப் பையன்கள் கிசுகிசுத்த அந்தத் தோளை ஆயா சர்வ சாதாரணமாகக் கடந்து, தட்டில் இருந்த பழத்துக்குப் போய்விட்டது.

“இது என்னா பழம்?”

“செர்ரி.”

“திங்காம எதுக்கு வெச்சினு இருக்காங்க?”

அப்புறம் ஆயா கேட்டது இன்னும் என்னிடம் இருக்கிறது. “இந்தப் புள்ளைங்கள யாரும் கூப்புடலியா? இம்புட்டு நேரம் உக்காந்திருக்குதுங்களே, வீட்ல வேல சொல்ல ஆளில்லியா?”

இதற்கு எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. பின்னால் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். அந்தப் பெண்களுக்கு வசதி இருந்தது. பாரிசில் வீடு, படிப்பு, கேட்டால் பிள்ளைகளுக்காக நாடு விட்டு நாடு குடிபெயர்கிற அப்பா அம்மா. ஓய்வு அவர்களுக்கு யாரிடமும் பிடுங்கிக்கொள்ள வேண்டிய பொருளாக இருக்கவில்லை. அம்ரிதா 1934 கடைசியில் இந்தியாவுக்குத் திரும்பி வந்த பிறகு வரைந்த பெண்களைப் பார்த்தால் அந்த வேறுபாட்டை அவளும் கண்டுகொண்டாள் என்று தோன்றும். மலைநாட்டுப் பெண்கள் நின்றுகொண்டே இருக்கிறார்கள், உட்காரவே இல்லை. 1936 கடைசியிலும் 1937லும் அவள் தெற்கே சுற்றினாள். அஜந்தா குகைகளைப் பார்த்தாள், கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களைப் பார்த்தாள், கன்னியாகுமரி வரை வந்தாள். அதற்குப் பிறகுதான் சந்தைக்குப் போகும் தென்னிந்திய கிராமத்தாரையும், மணப்பெண் அலங்காரத்தையும் வரைந்தாள். மணப்பெண் அலங்காரத்தில் திரும்பவும் பெண்கள் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள், திரும்பவும் ஒருத்தியின் தலைமுடி இன்னொருத்தி கையில். 1940ல், உத்தரப் பிரதேசத்தில் சராயா என்ற ஊரில் இருந்தபோது, கயிற்றுக் கட்டிலில் படுத்து இளைப்பாறும் ஒரு பெண்ணை வரைந்தாள். பக்கத்தில் ஒருத்தி விசிறியோடு. பாரிசில் தொடங்கியதை அவள் விடவே இல்லை. ஓய்ந்திருக்கும் பெண்ணை, அந்தந்த இடத்து ஓய்வு எப்படியோ அப்படி, தேடிக்கொண்டே இருந்தாள். 1941 டிசம்பரில் லாகூரில் இறந்தபோது அவளுக்கு வயது இருபத்தெட்டு.

வேலைக்குப் போன பிறகு ஒரு முறை டில்லி போக வாய்த்தது. ஜெய்ப்பூர் இல்லத்தில் இருக்கிற தேசிய நவீன கலைக்கூடத்துக்குப் போனேன். 1954ல் அந்தக் கலைக்கூடம் தொடங்கியபோதே அம்ரிதாவின் ஓவியங்கள் அதன் அஸ்திவாரம் போல இருந்தன. அவள் வரைந்தவை நாட்டின் கலைச்செல்வம் என்று அறிவிக்கப்பட்டவை, அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பேரேட்டில் உள்ளங்கை அளவில் பார்த்ததை அங்கே கிட்டத்தட்ட ஆள் அளவில் பார்த்தேன். அளவுதான் என்னை முதலில் நிறுத்தியது. அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் ஒதுக்கிய அளவு அது. அதைப் பத்தொன்பது வயதுப் பெண் எடுத்து, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் தன் தங்கைக்கும் தோழிக்கும் கொடுத்திருக்கிறாள். அவர்கள் உட்கார்ந்திருப்பதில் எனக்காக உட்கார்ந்தது எதுவும் இல்லை. வரைகிறவளும் அந்த அறையில் மூன்றாவது ஆளாக, அவர்களில் ஒருத்தியாக இருந்திருக்க வேண்டும். ஆண் ஒருவன் உள்ளே வந்திருந்தால் அந்த முடி முடிச்சாகியிருக்கும், கவுன்காரி எழுந்திருப்பாள். எங்கள் பின்வாசலில் அதுதான் நடக்கும். தாத்தாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் அவ்வா கொண்டையைச் சுற்றிக்கொண்டு படலைத் தள்ளிவிடும்.

எங்கள் மாவட்டத்தில் நினைவை வைப்பதற்கு ஆள் இல்லாமல் இல்லை. எங்கள் மண்ணில் எங்கே தோண்டினாலும் நடுகல் என்பார்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவன், ஊரைக் காக்கச் செத்தவன், கையில் வாளும் வில்லுமாக. பெண் வருகிற இடம் பெரும்பாலும், செத்த புருஷன் பக்கத்தில் கையை உயர்த்தி நிற்கிற சதிக்கல். அதியமான்கோட்டை சென்னராயப் பெருமாள் கோயிலுக்குச் சார் எங்களைக் கூட்டிப் போனார். மண்டபத்து விதானத்தில் பழைய ஓவியங்கள், ராமாயணக் காட்சிகள், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். அங்கேயும் கதைக்குள் வேலை இருக்கிற பெண்கள்தான் இருந்தார்கள். வேலை முடிந்த பெண்ணை எங்கள் ஊர்ச் சிற்பியோ ஓவியனோ ஒரு கல்லிலும் ஒரு சுவரிலும் வைத்துவிட்டுப் போகக் கூடாதா என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

ஆயாவுக்கென்று இருக்கிற நிழற்படம் ஒன்றே ஒன்று. ஏதோ ஒரு அட்டைக்காகப் பாப்பாரப்பட்டியில் ஸ்டுடியோவில் எடுத்தது. அதில் ஆயா மூச்சைப் பிடித்துக்கொண்டு, யாரோ இரவல் கொடுத்த ரவிக்கையோடு, இரண்டு கையையும் முட்டியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. அது ஆயா இல்லை. அவ்வாவுக்கு அதுவும் இல்லை. எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றைப் போல அவ்வாவின் மகன் கட்டட வேலைக்குப் பெங்களூர் போனார். அவ்வாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு ஆயா பின்வாசலில் உட்காருவதைக் குறைத்துக்கொண்டது. தன் தலையைத் தானே வாரிக்கொண்டு எழுந்துவிடும்.

நான் பத்தாவது படிக்கும்போது மாரியம்மன் பண்டிகைக்கு அவ்வா ஊருக்கு வந்தது. வந்த அன்றைக்கே சாப்பாடு முடிந்ததும் பழையபடி படலைத் தள்ளிக்கொண்டு வந்து, “ஏ புள்ள” என்றது. இருவரும் மேடையில் ஏறினார்கள். நான் ஓவிய நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். அவர்கள் எனக்காக அசையாமல் இருக்கவில்லை. அவ்வாவுக்குச் சொல்ல இரண்டு வருஷத்துப் பெங்களூர் இருந்தது. தலை திரும்பியது, கை வீசியது, ஆயா சிரித்துக் குலுங்கியது, முறத்தில் இருந்த கடலைக்காய் சிதறியது. ஒரு கோடு போடுவதற்குள் அந்தக் கோட்டுக்கு உரிய தோள் வேறு இடத்துக்குப் போய்விட்டது. கடைசியில் நிலைத்து நின்றது கைகள் மட்டும்தான்: ஆயாவின் இரண்டு கை, அவ்வாவின் முடிக்குள். அதை மட்டும் விடாமல் போட்டேன். வெடித்த நகக்கண், பருத்த கணுக்கள், முடியை வகிர்ந்த ஆள்காட்டி விரல். முகங்களுக்கு ரப்பர் வைத்து அழித்து அழித்துத் தாள் மெலிந்துவிட்டது.

திங்கட்கிழமை சாரிடம் காட்டினேன். ஜன்னல் பக்கம் எடுத்துப் போய் வெகுநேரம் பார்த்தார்.

“முகம் வரல சார்.”

“கை வந்திருக்கில்ல. இத இப்பிடியே விடும்மா. அந்தப் பாரிஸ் படத்துலயும் ஒருத்திக்கு முகத்த முடிதான மறைச்சிருக்கு?” என்றார். பிறகு பேரேட்டை எடுத்து, அம்ரிதாவின் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் காலியாக இருந்ததில், நான்கு மூலையிலும் பசை தடவி அதை ஒட்டினார். அடியில் என்ன எழுதுவது என்று கேட்டார். ஆயா பெயரையும் அவ்வா பெயரையும் சொன்னேன். எழுதினார்.